‘பாவம்’ என்று எழுதாதீர்கள்

அன்புள்ள அண்ணா,
ரக்பி லீக் (பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி) ஆட்டக்காரர், கறுப்பினத்தவரான ராய் ஃபிரான்சிஸ் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். பாவம், நிறத்தால் வீணாகிப்போன மனிதர். எனக்கு 28 வயது. வாலிபால் ஆடினேன். முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆட்டம் நின்றுவிட்டது. ஒரு பள்ளியில் கோச்சாகக் கூப்பிடுகிறார்கள். மாநில அணிக்குக்கூட ஆடாதவன் சொன்னால் பையன்கள் கேட்பார்களா? என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டு நிறுவனம்) நடத்தும் கோச் படிப்பை முடித்துவிட்டுப் போகலாமா?
– செ.

அன்புள்ள செ.,

முதலில் காலைப் பாருங்கள். வலி குறைந்ததும் ஃபிசியோ சொன்ன பயிற்சியைப் பாதியில் விட்டுவிடாதீர்கள், நம் ஆட்கள் எல்லோரும் செய்கிற தப்பு அது.

அப்புறம் அந்தப் ‘பாவம்’. எனக்குக் கோபமே வந்தது. வேல்ஸின் பிரின்மாரில் வளர்ந்து, பதினேழு வயதில் இங்கிலாந்தின் விகன் அணிக்கு வந்த பையன் அவர். 1946இல் பிரிட்டன் அணி ஆஸ்திரேலியா போனபோது, அங்கே இருந்த நிறத்தடைக்குப் பயந்து அவரை விட்டுவிட்டார்கள். அடுத்த வருடம் நியூசிலாந்துக்கு எதிராக ஒரே ஒரு டெஸ்ட், அதாவது நாட்டு அணிக்கான ஆட்டம், கொடுத்தார்கள். அதில் இரண்டு ட்ரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) போட்டார். அவ்வளவுதான், திரும்பக் கூப்பிடவில்லை. இது அநியாயம். ஆனால் இத்தோடு கதையை நிறுத்திப் பரிதாபப்படுவது அவருக்கு நாம் செய்கிற இரண்டாவது அநியாயம். ஹல் அணியில் ஆடிக்கொண்டே பயிற்சியாளரானார். 1956, 1958 இரண்டு வருடமும் அந்த அணி சாம்பியன். வீணாகிப்போனவரா இவர்?

ஆட்டத்தைப் படம்பிடித்து ஆட்டக்காரர்களுக்கே போட்டுக் காட்டினார், அந்தக் காலத்திலேயே. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ஆட்டக்காரர்களின் மனைவி, குழந்தைகள் மைதானத்துக்கு வந்துபோக வண்டி ஏற்பாடு செய்தார். வீட்டில் நிம்மதி இல்லாதவன் களத்தில் ஓடமாட்டான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

எட்டாவது படிக்கும்போது நான் பள்ளிக் கால்பந்து அணியில் இருந்தேன். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்ததால் மூன்று நாள் பயிற்சிக்குப் போகவில்லை. நாலாம் நாள் போனேன். சார் ஏன் வரவில்லை என்று கேட்கவே இல்லை. விசிலை வாயில் வைத்தபடியே கையால் மைதானத்தைச் சுற்றிக் காட்டினார். இருபது சுற்று. பன்னிரண்டாவது சுற்றில் சாப்பிட்ட இட்லி வெளியே வந்துவிட்டது. அதற்குமேல் நான் அந்தப் பக்கம் போகவில்லை. அவர் நன்றாக ஆடியவர்தான், மாவட்டத்தில் பெயர் உண்டு. ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நாற்பது வருடம் ஆகிறது, அந்த ஒரு கேள்விக்காக நான் இன்னும் அவரை மன்னிக்கவில்லை.

மாநில அணிக்கு ஆடினீர்களா என்று எந்தப் பையனும் உங்களைக் கேட்கமாட்டான். நீங்களாக அந்தக் குறையைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள்முன் வைக்காதீர்கள்.

1968இல் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் லீட்ஸும் வேக்ஃபீல்டும் மோதிய ரக்பி லீக் கோப்பை இறுதியாட்டத்தின் வீடியோ கிடைத்தால் பாருங்கள். மழையில் மைதானம் குளம்போல் கிடக்கிறது, விழுகிறவன் தண்ணீரைச் சீய்த்துக்கொண்டு பத்தடி வழுக்கிப் போகிறான். கடைசி நிமிடத்தில் வேக்ஃபீல்டின் டான் ஃபாக்ஸ் கம்பத்துக்கு நேர் எதிரே நின்று உதைத்த பந்து விலகிப்போகிறது. உள்ளே போயிருந்தால் வேக்ஃபீல்டு ஜெயித்திருக்கும். தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுகிறார். 11-10, லீட்ஸுக்குக் கோப்பை. லீட்ஸின் பயிற்சியாளர் ஃபிரான்சிஸ். அதிர்ஷ்டம் என்பார்கள். கடைசி நிமிடம்வரை அந்தச் சேற்றில் முன்னால் நின்றது அதிர்ஷ்டமா?

அதற்கடுத்து வடக்கு சிட்னி அணிக்குப் பயிற்சியாளராகப் போனார். தன்னை வரவிடாத அதே ஆஸ்திரேலியா. அங்கேயும் நிறத்துக்காகக் கேவலப்படுத்தினார்கள், திரும்பிவிட்டார். அந்த விமானப் பயணத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

என்.ஐ.எஸ். கேட்டிருந்தீர்கள். படியுங்கள், நல்லதுதான். ஆனால் அதற்காக வந்த வேலையைத் தள்ளிப்போடவேண்டாம். சேர்ந்ததும் எழுதுங்கள். பயிற்சி முடிந்து பையன்கள் வீட்டுக்குப் போகக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்து, அதையும் எழுதுங்கள்.

அன்புடன்.