டி செல்லுக்குள்ள யார் மேஸ்திரி? (கேள்வி பதில்)

வேலூர்ல நோய் எதிர்ப்பியல் ஆய்வகத்துல வேலை பார்க்கிறேன். இன்னிக்கு டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபாக்டர் பத்தி மட்டும் கேளுங்க. மருந்து எழுதித் தர மாட்டேன்.

ஆற்காடு மாணவி: எல்லா டி செல்லுக்கும் டிஎன்ஏ ஒண்ணுதானே சார், வேலை மட்டும் எப்படி மாறுது?

டி செல்ங்கிறது நோயோட சண்டை போடுற ஒரு வகை வெள்ளை அணு. அதுல எந்த ஜீனைப் படிக்கணும், எதை மூடி வைக்கணும்னு டிஎன்ஏ மேல உட்கார்ந்து தீர்மானிக்கிற புரதங்கள்தான் டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபாக்டர். டி-பெட்-ங்கிற ஃபாக்டர் ஓங்கினா, செல்லுக்குள்ள ஒளியற காசநோய்க் கிருமியோட மல்லுக்கட்டுற டி செல் உருவாகும். காட்டா-3 ஓங்கினா குடற்புழுவுக்கு எதிரானது. அதுவே வழி தவறினா ஆஸ்துமா. ரோர் காமா டி பூஞ்சையைப் பார்த்துக்கும், மிஞ்சினா சொரியாசிஸ்ங்கிற தோல் நோய். மத்த டி செல்களை அடக்கி வைக்கிற டி செல்லுக்கு ஃபாக்ஸ்பி3. 2025 மருத்துவ நோபல் இந்த அடக்குற செல்களுக்காகத்தான் பிரங்கோ, ராம்ஸ்டெல், சகாகுச்சி மூணு பேருக்கும் போச்சு.

ராணிப்பேட்டை: மஞ்சள் என்எஃப்-கப்பா-பி-யை அடக்குமாமே?

அது வீக்கத்தைத் தூண்டுற ஃபாக்டர். ஆய்வகத் தட்டுல மஞ்சள் அதை அடக்கும். வாயில போட்டா ரத்தத்துக்குப் போய்ச் சேர்றது ரொம்பக் கொஞ்சம். குழம்புக்குப் போடுங்க, போதும்.

வாணியம்பாடி: மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்ல டெக்ஸா வாங்கிப் போடறேன். உடனே கேக்குது.

கேக்கும். டெக்ஸா ஒரு ஸ்டீராய்டு. அது போய் ஒட்டுற ஏற்பியே ஒரு டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபாக்டர்தான். நியூக்ளியஸுக்குள்ள நுழைஞ்சு என்எஃப்-கப்பா-பி-யோட வாயைக் கட்டும். சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், மறைஞ்சிருந்த காசநோய் எழும்பும். ரொம்ப நாளா போடறீங்கன்னா திடீர்னு நிறுத்தவும் கூடாது, உடம்புல ஸ்டீராய்டு சுரக்கிற அட்ரீனல் சுரப்பி தூங்கிப் போயிருக்கும். டாக்டரைப் பார்த்துக் குறைங்க. சீட்டில்லாம ஸ்டீராய்டு வாங்காதீங்க.

ஆம்பூர்: எதிர்ப்பு சக்தி கூட என்ன சாப்பிடணும்?

கூடினா நல்லதுன்னு யார் சொன்னது? மேல சொரியாசிஸைப் படிங்க.

குடியாத்தம்: அக்கா மகளைக் கட்டினேன். பையனுக்கு ஐபெக்ஸ். சொந்தத்துல கட்டினதாலன்னு ஊரே பேசுது.

இல்லைங்க. ஃபாக்ஸ்பி3 பழுதானா வர்ற நோய் அது: கைக்குழந்தைக்கு ஓயாத வயிற்றுப்போக்கு, சர்க்கரை, தோல் அரிப்பு. அந்த ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு. பையனுக்கு எக்ஸ் அம்மாகிட்டேருந்து மட்டும்தான் வரும், உங்களோடது வராது. உங்க மனைவியை வெளியில கட்டிக் கொடுத்திருந்தாலும் இதே ஆபத்துதான். அம்மாவைக் குத்தம் சொல்லவும் கிளம்பாதீங்க. பழுது புதுசாவும் முளைக்கும், உங்க அக்கா வழியாவும் வந்திருக்கலாம். அக்காவுக்கு வேற பெண் பிள்ளைங்க இருந்தா மரபணு ஆலோசனைக்குக் கூட்டிட்டுப் போங்க. பையனுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று பத்தி டாக்டர்கிட்ட பேசுங்க.

காட்பாடி: பாத்தீங்களா, சொந்தத்துல கட்டினா ஒண்ணும் ஆகாது!

அப்படி நான் சொல்லலை. ஏர்-னு ஒரு ஃபாக்டர், டி செல் வளர்ற தைமஸ் சுரப்பியில உட்கார்ந்து, நம்ம உடம்பையே தாக்கப் போற டி செல்லை ஆரம்பத்துலயே களையெடுக்க உதவுது. அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்டேருந்தும் பழுதான பிரதி வந்தா வாய்ப்பூஞ்சை, கால்சியம் குறைவு, அட்ரீனல் பழுதுன்னு வரிசையா வரும். தாய்மாமனும் அக்கா மகளும் சராசரியா கால்வாசி ஜீனைப் பகிர்ந்துக்கிறாங்க. அதனால ஒரே பழுது ரெண்டு பேர்கிட்டயும் இருக்க வாய்ப்பு கூடுது, அங்கதான் சிக்கல்.

காட்பாடி: எங்க தாத்தா பாட்டி அப்படித்தான், எட்டு பிள்ளையும் கல்லு மாதிரி.

சந்தோஷம். ஒரு வீட்டை வெச்சு ஊருக்குக் கணக்குப் போட முடியாது.

திருவண்ணாமலை: அப்பாவுக்கு கிட்னி மாத்தியிருக்கு, டாக்ரோலிமஸ் எதுக்கு?

என்ஃபாட்-ங்கிற ஃபாக்டரை நியூக்ளியஸுக்குள்ள போகவிடாம வாசல்லயே மறிக்கத்தான். டி செல் தூண்டப்படாம இருக்கும், புது கிட்னி தப்பிக்கும். பம்பளிமாஸ் தர வேண்டாம், ரத்தத்துல மருந்து அளவு ஏறிடும். நேரம் தவறக் கூடாது.

ஆரணி: எதிர்ப்பு சக்திக்கு டானிக்...

ஆம்பூர்க்காரருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.