தனியாகப் பிடிக்கிறானா என்று பாருங்கள்

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகனின் ஸ்கூல் பையில் இரண்டு சிகரெட்டும் லைட்டரும் இருந்தன. கேட்டால் "ஃப்ரெண்டோடது" என்கிறான். உதடு கறுத்த மாதிரி தெரிகிறது. ஒரு வாரமாக இருமல். நுரையீரலுக்கு ஸ்கேன் எடுக்கலாமா? நெட்டில் பார்த்து, நுரையீரலைச் சுத்தம் செய்யும் டானிக்கும், மெடிக்கலில் நிக்கோடின் சூயிங்கமும் வாங்கி வைத்திருக்கிறேன். கொடுக்கலாமா? என் கணவருக்குச் சிகரெட் பழக்கம் உண்டு. ஆனால் மாடிக்குப் போய்த்தான் பிடிப்பார்.
– ஒரு தாய், ஈரோடு

பதில்: ஸ்கேன் வேண்டாம். உதட்டையும் விடுங்கள், அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் மட்டும் சளிப் பரிசோதனை செய்யுங்கள். டானிக்கைக் கொட்டிவிடுங்கள் அம்மா. நுரையீரலைக் கழுவிவிடும் மருந்து என்று ஒன்று கிடையாது. புகை நின்றால் இந்த வயதில் அது தானாகவே தேறும். சூயிங்கத்தில் இருப்பதும் நிக்கோடின்தான். எப்போதாவது ஒரு தம் அடிக்கிற பையனுக்கு அதைக் கொடுத்தால், தினமும் நிக்கோடின் பழக்குவது நீங்களாகிவிடும். 18 வயதுக்குள் டாக்டர் சொல்லாமல் அதைத் தொடவே கூடாது.

பிள்ளை கைமீறிப் போய்விட்டானோ என்பதுதானே உங்கள் பயம்? அதற்கு முக்கியமாகப் பார்க்க வேண்டியது இதுதான். நண்பர்களோடு நிற்கும்போது மட்டும் பிடிக்கிறவன் பெரும்பாலும் கூட்டத்துக்காகப் பிடிக்கிறான், ஆனால் அவன் அடிமையாகவில்லை என்று அதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. யாரும் இல்லாதபோதும் தேடிப் போகிறானா? லீவு நாளில் காலையில் எழுந்து அரைமணி நேரத்துக்குள் ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே கிளம்புகிறானா? போக முடியாத நாளில் எரிந்து விழுகிறானா? அப்படியென்றால் மூளை நிக்கோடினைக் கேட்க ஆரம்பித்துவிட்டது. உள்ளே இழுத்த சில நொடிகளில் மூளையைத் தொடும் பொருள் அது. வளர்கிற மூளை அதற்கு வெகு சீக்கிரம் பழகிவிடும். தினமும் பிடிக்காத பிள்ளைகள்கூடச் சில வாரங்களில் விட முடியாமல் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். இந்த அறிகுறி தெரிந்தால் தள்ளிப் போடாமல் அழைத்து வாருங்கள். அதற்கு முன் 1800-11-2356 என்ற இலவச எண்ணிலும் பேசலாம்.

அடித்தால் விடுவான் என்று நினைக்காதீர்கள். ஒளித்துப் பிடிக்கத்தான் கற்றுக்கொள்வான். "முதல் சிகரெட்டை யார் கொடுத்தது, எங்கே வாங்குகிறீர்கள்?" என்று குரலை உயர்த்தாமல் கேளுங்கள். பெரும்பாலும் பள்ளிக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில் சில்லறையாக ஒன்றிரண்டு வாங்கியிருப்பார்கள். பாக்கெட்டாக வாங்கப் பசங்களிடம் காசு ஏது? 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்பதும், பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்பதும் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நாலு பெற்றோர் சேர்ந்து தலைமையாசிரியரிடம் போய்ச் சொல்லுங்கள்.

அப்புறம், அந்த மாடி. அப்பா எதற்குப் படியேறுகிறார் என்பது பையனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அப்பா பிடிக்கிற வீட்டில் பிள்ளை தொடங்குவது சுலபம். அதற்குப் பிறகு நான் என்ன சொன்னாலும் அவன் காதில் பாதிதான் ஏறும். பையனை அழைத்து வரும்போது உங்கள் கணவரையும் கூட்டி வாருங்கள். முதலில் அவரிடம்தான் பேசப் போகிறேன்.