கான்கிரீட் போடும் முன்பும் பின்பும்

அன்புள்ள ஐயா,

கட்டுமான நிறுவனம் ஒன்றில் தளப் பொறியாளராக இருக்கிறேன். ஒவ்வொரு கட்டடமும் முடிந்ததும் ‘கற்ற பாடங்கள்’ என்று ஓர் அறிக்கை எழுதச் சொல்கிறார்கள். எழுதித்தான் தருகிறோம். ஆனால் அடுத்த கட்டடத்திலும், குழாய் போவதற்காக பீமில் முன்கூட்டியே வைக்க வேண்டிய ஸ்லீவ் விட்டுப்போகிறது; கான்கிரீட் இறுகிய பிறகு அதைத் துளைக்கக் கோர் கட்டிங் மெஷினோடு நிற்கிறோம். எங்களுக்குக் கற்றுக்கொள்ளவே வராதா? அந்த அறிக்கையால் பயன் உண்டா?

கே.

அன்புள்ள கே.,

அந்த ஸ்லீவையே எடுத்துக்கொள்வோம். குழாய் எந்த பீமைத் துளைத்துப் போக வேண்டும் என்று பிளம்பருக்குத் தெரியும். கம்பி கட்டி முடித்த அன்று அவரை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். குழாய் டிராயிங் ஒருவர் கையில், கம்பி டிராயிங் இன்னொருவர் கையில். மாதங்கள் கழித்து எழுதும் அறிக்கையில் இதெல்லாம் “ஒருங்கிணைப்பு போதவில்லை” என்று ஒற்றை வரியாகிவிடும். அதைப் படித்து யார் என்ன செய்ய முடியும்? விஷயம் தெரிந்த மேஸ்திரி அதற்குள் வேறு தளத்துக்குப் போயிருப்பார். அறிக்கை எழுதும்போது அவரைக் கேட்டீர்களா?

தெரிந்தவர் ஓரிடம், முடிவெடுப்பவர் வேறிடம் என்பது பழைய வியாதி. 1907-இல் கனடாவில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின்மேல் எழும்பிக்கொண்டிருந்த கியூபெக் பாலத்தில் அழுத்தம் தாங்கும் எஃகு உறுப்புகள் வளைவதைத் தளத்திலிருந்தவர்கள் அளந்தே பார்த்துவிட்டார்கள். வரும்போதே வளைந்துதான் வந்தன என்று ஒரு தரப்பு வாதாடியது. ஆலோசகப் பொறியாளர் தியடோர் கூப்பர் இருந்ததோ நியூயார்க்கில். தள ஆய்வாளர் ரயிலேறிப் போய் அவரிடம் நேரில் சொன்னார். மேற்கொண்டு பாரம் ஏற்றாதீர்கள் என்று கூப்பர் தந்தியும் அடித்தார், பென்சில்வேனியாவிலிருந்த, பாலம் கட்டும் நிறுவனத்தின் அலுவலகத்துக்கு. பாலத்தில் வேலை நிற்கவில்லை. அன்று மாலையே, ஆகஸ்ட் 29-இல், பாலம் சரிந்து 75 பேர் இறந்தார்கள்.

1990-களில் கிளென் பல்லார்டும் கிரெக் ஹவெலும் உருவாக்கிய ‘லாஸ்ட் பிளானர்’ முறையை உங்கள் தளத்தில் யாராவது பேசியிருக்கலாம். வேலையை நேரடியாக நடத்தும் ஃபோர்மேன்களே ஒன்றாக உட்கார்ந்து, இந்த வாரம் இதை முடிக்கிறேன் என்று சொல்ல வேண்டும். வாரக் கடைசியில் சொன்னதில் எத்தனை விழுக்காடு முடிந்தது என்று பார்ப்பார்கள். மேலாளர்கள் அந்த விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள். (சுவரில் ஒட்ட அழகாக இருக்குமே!) எனக்குப் பிடித்தது, முடியாத வேலைக்குப் பக்கத்தில் ‘ஏன்’ என்று எழுதும் இடம். “ஸ்லீவ் அளவு இன்னும் வரவில்லை” என்று அங்கே ஒருவர் எழுதினால், அதைத் தர வேண்டியவர் அதே மேசையில் இருக்கிறார். கான்கிரீட் வண்டி வர இன்னும் நாளும் இருக்கிறது.

ஆனால் ஒன்று. அங்கே உண்மையைச் சொன்னவரின் பில்லில் மறுவாரமே கைவைத்தால், அதன்பிறகு எல்லாக் காரணமும் ‘மழை’ என்றுதான் வரும். துணை ஒப்பந்ததாரர் வாய் திறக்காமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் ஒப்பந்தம்தான். இதைத் தளப் பொறியாளர் ஒருவர் மட்டும் மாற்றிவிட முடியாது. உங்கள் திட்ட மேலாளர் மனது வைக்க வேண்டும்.

நிறுவனம் கேட்கும் அறிக்கையை எழுதிக் கொடுத்துவிடுங்கள், வம்பு வேண்டாம். கூடவே, கான்கிரீட் போட அனுமதி தரும் படிவத்தில் பிளம்பர் கையெழுத்துக்கு ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.