வளையல் பெட்டியின் மூடி வளைந்துவிட்டதா?

வணக்கம்ங்க. தங்கை வளைகாப்புக்கு மாம்பலகையில் செய்த வளையல் பெட்டியின் மூடி 10 நாளில் நடுவில் மேடாகிவிட்டது, விழாவுக்கு 3 வாரம்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மூடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கிருஷ்ணகிரிப் பக்கம் மாமரம் சுலபமாகக் கிடைக்கிறது, ஆனால் வெட்டிய சூட்டோடு வரும் பலகையில் ஈரம் அதிகம். ஓர் அங்குலக் கனம் காய ஏறக்குறைய ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. நீங்கள் மேல்பக்கம் மட்டும் வார்னிஷ் அடித்ததால் ஈரம் உள்பக்கமாகவே வெளியேறி, அந்தப் பக்கம் சுருங்கிவிட்டது. மரம் நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது, அகலவாக்கில்தான் சுருங்கும்.

கீலைக் கழற்றி, உப்புத்தாளால் வார்னிஷை முழுக்கத் தேய்த்தெடுங்கள். ஈரத்துணி மேல் குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, காலை வெயிலில் விடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை பாருங்கள், கொஞ்சம் விட்டால் எதிர்ப்பக்கம் வளைந்துவிடும். நேரானதும் மேலும் கீழும் குச்சிகள் கொடுத்து, பாரம் ஏற்றி, நிழலில் 10 நாள் காயட்டும்.

பிறகு உள்பக்கம் குறுக்கே இரண்டு சட்டம். பசை போடாதீர்கள், நடுவில் மட்டும் இறுக்கமான ஸ்க்ரூ, ஓரங்களில் சட்டத்தின் துளையைச் சட்டத்தின் நீளவாக்கில் தோண்டி ஸ்க்ரூ போட்டால் பலகை அசைய இடமிருக்கும். அப்புறம் இரு பக்கமும் ஒரே அளவு வார்னிஷ். மாமரத்தில் வண்டு துளைக்கும், பெட்டிக்குள்ளும் ஒரு கோட் அடியுங்கள்.

விழாவுக்குள் நேராகாவிட்டால் மூடியை மட்டும் பிளைவுட்டில் செய்துவிடுங்கள். நீங்கள் செதுக்கிய கொடி வேலை பக்கப்பலகைகளில்தானே இருக்கிறது, தங்கை முதலில் பார்ப்பது அதைத்தான்.