மாலை நடை: முதலில் துறை, பிறகு ஆற்றங்கரை

கேள்வி: சிறுவர்கள், முதியவர்கள் உட்பட இருபது பேரை ஒரு மாலையில் ஆற்றங்கரை வழியாகப் பழைய கப்பல் துறை வரை இயற்கை நடைக்கு அழைத்துச் செல்லவிருக்கிறேன். கடலின் ஏற்றவற்றம் எட்டும் ஆறு அது. எப்போது கிளம்ப வேண்டும்? எதைக் காட்டலாம்? எதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

பதில்: பாதையைத் தலைகீழாக மாற்றுங்கள். நீங்கள் திட்டமிட்டபடி போனால், இருட்டும் நேரத்தில் துறையின் விளிம்பில் நிற்பீர்கள். துறைச் சுவர் செங்குத்தானது. தவறி விழுந்தவர் பற்றி ஏற இரும்பு ஏணியைத் தவிர வேறு பிடிமானம் இருக்காது. தரையில் கட்டுக்கயிறுகளும் கயிறு கட்டும் குத்துக்கட்டைகளும் காலை இடறும். வெளிச்சம் இருக்கும்போதே துறையை முடித்துவிட்டு, அந்தியில் மரங்கள் நிறைந்த ஆற்றங்கரைக்கு வந்துவிடுங்கள். இருட்டில் பார்க்க வேண்டியவை அங்கேதான் இருக்கின்றன.

அடுத்தது நேரம். சூரியன் மறைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு கிளம்புங்கள். அன்றைய தாழ் ஓதம், அதாவது நீர் மிகவும் வற்றியிருக்கும் நேரம், எப்போது என்பதையும் ஓத (ஏற்றவற்ற) அட்டவணையில் பாருங்கள். பெரும்பாலான கடற்கரைகளில் ஓர் உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் ஆகும். அதனால் ஓத நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். இதில் பலர் ஏமாறுகிறார்கள். போன வாரம் இதே நேரத்தில் சேறு தெரிந்தது என்று நம்பி வந்தால், இந்த வாரம் நீர் நிறைந்திருக்கும். ஏழு நாளில் அந்தத் தள்ளல் ஆறு மணி நேரத்தை நெருங்கிவிடுகிறது. முன்கூட்டிப் பாதையைப் பார்க்கப் போவதானால் இரண்டு வாரம் முன்பு போங்கள். ஓதம் ஏறக்குறைய அதே நிலையில் இருக்கும்.

நீர் வற்றியிருந்தால் துறைத் தூண்களே ஒரு பாடம். மேலே கொட்டலசு எனும் ஓடுள்ள சிற்றுயிர், அதற்குக் கீழே மட்டி, பாசி என்று பட்டை பட்டையாக உயிர்கள் ஒட்டியிருக்கும். நீருக்கு வெளியே எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடியும் என்பதே ஒவ்வொன்றும் எவ்வளவு உயரத்தில் வாழலாம் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. சேற்றில் உள்ளான் பறவைகள் இரை தேடும். தூண் உச்சியில் நீர்க்காகம் சிறகு விரித்து நின்றால் அவசரப்படாமல் பாருங்கள். அதன் இறகுகள் நனைந்துவிடுபவை. மூழ்கி மீன் பிடிக்க அது உதவுகிறது, பிறகு காயவைக்க வேண்டியிருக்கிறது.

ஆற்றங்கரைக்கு வந்ததும் டார்ச்சுகளையும் கைபேசித் திரைகளையும் அணைக்கச் சொல்லுங்கள். கண் இருட்டுக்கு நன்கு பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், ஒரு நொடி வெள்ளை வெளிச்சம் அதைக் கெடுத்துவிடும். அவசியமானால் டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டித் தரையை நோக்கி மட்டும் பிடியுங்கள். இந்த ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். இதைக் கடைப்பிடிக்காத குழு அந்தியின் பாதியை இழந்துவிடுகிறது.

பகல் பறவைகள் அடங்கும்போது இராக்கொக்கான வக்கா கரகரப்பாகக் கத்தியபடி இரைக்குக் கிளம்பும். வௌவால்கள் நீர்மேல் மொய்க்கும் கொசுக்களையும் சிறு பூச்சிகளையும் வேட்டையாடும். நீர்மட்டத்தை ஒட்டிப் பறந்து காலாலேயே இரையை வாரும் இனங்களும் உண்டு. அவற்றின் வேட்டை ஒலி பெரும்பாலும் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதால் நம் காதுக்கு எட்டாது. அதை நமக்குக் கேட்கும் ஒலியாக மாற்றித் தரும் வௌவால் ஒலியுணர் கருவி ஒன்று இரவல் கிடைத்தால் வாங்கிச் செல்லுங்கள். இரையைப் பிடிக்கும் கணத்தில் டிக்டிக் ஒலி நெருங்கி ஒரே இழுப்பாக மாறுவதைச் சிறுவர்கள் மறக்க மாட்டார்கள்.

இருபது பேருக்கு ஒருவர் போதாது. முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். அவர்களைத் தாண்டியோ பின்தங்கியோ யாரும் போகக்கூடாது. நடந்துகொண்டே விளக்காதீர்கள், பின்வரிசைக்குக் கேட்காது. சிறுவர்கள் விளிம்பிலிருந்து விலகிய பக்கமாகவே நடக்கட்டும். உயிர்காப்பு மிதவைகள் எங்கே மாட்டப்பட்டுள்ளன என்பதை வெளிச்சத்திலேயே எல்லோருக்கும் காட்டிவிடுங்கள். யாராவது விழுந்தால் பின்னால் குதிக்கக்கூடாது. மிதவையை வீசிவிட்டு அவசர உதவியை அழைக்க வேண்டும். எலிக்காய்ச்சல் கிருமி எலிச் சிறுநீர் கலந்த நீரிலிருந்து காயம் வழியாகவும் தொற்றும் என்பதால், கைகால் கீறல்களை மூடிக்கொண்டு வரச் சொல்லுங்கள். கிளம்பும்போதும், துறையை விட்டு நகரும்போதும், கலையும்போதும் தலைகளை எண்ணுங்கள்.