குளவி கொட்டின பிறகு ரத்தப் பரிசோதனையில் 'ஒவ்வாமை இல்லை' என்று வந்தால் நம்பலாமா?

ரத்தம் எப்போது எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. கொட்டி ஓரிரு வாரத்துக்குள் எடுத்திருந்தால் நம்ப வேண்டாம்.

என் மச்சான் யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் பனை ஓலை வெட்டும்போது குளவிக்கூட்டைத் தட்டிவிட்டார். சில நிமிடத்தில் உள்ளங்கையும் உள்ளங்காலும் ஒரே அரிப்பு. பிறகு உதடு தடித்து, குரல் அடைத்து, வேலியோரம் அப்படியே சரிந்துவிட்டார். பெரியம்மா சுண்ணாம்பு தேடி ஓட, நாங்கள் ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். தொடையில் அட்ரினலின் ஊசி போட்டபிறகுதான் மூச்சு சீரானது.

வீட்டுக்கு வந்த கையோடு ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் ரத்தம் கொடுத்தார். நெகட்டிவ். வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். கிளினிக் டொக்டர் மட்டும் அதை ஒரு பக்கம் வைத்துவிட்டார். இந்தப் பரிசோதனை தேடுவது, அந்த விஷத்துக்கென்று உடம்பு உண்டாக்கும் ஐஜிஈ என்ற எதிர்ப்புப் புரதத்தை. கொட்டின கையோடு அது செலவாகிக் குறைந்திருக்கலாம், 4 முதல் 6 வாரம் விட்டு எடுங்கள் என்றார். அப்படி எடுத்ததில் பொசிற்றிவ்.

பூச்சியும் முக்கியம். பரிசோதனைக்குப் பயன்படும் விஷம் பெரும்பாலும் ஐரோப்பியத் தேனீ, குளவி வகைகளுடையது. எங்கள் ஊர்த் தேனீயும் மலைத்தேனீயும் வேறு இனங்கள். அதனால் சில வேளை தவறவும் கூடும். செத்த பூச்சி கிடைத்தால் ஒரு நெருப்புப்பெட்டிக்குள் போட்டு டொக்டரிடம் காட்டுங்கள்.

பல ஆய்வுகூடங்கள் ஐஜிஈ அளவு 0.35 kU/L என்பதை பொசிற்றிவுக்கு எல்லையாக வைக்கின்றன. ஆனால் எண் பெரிதென்றால் அடுத்த முறை ஆபத்தும் பெரிது என்று கணக்கில்லை. குளவி கொட்டி ஒன்றுமே ஆகாத பலருக்கும் பொசிற்றிவ் வரும். ஆகவே கொட்டின இடம் மட்டும் வீங்கினவர் 'எதுக்கும் பார்த்து வைப்பம்' என்று எடுப்பது, என்னைக் கேட்டால், வீண் காசு.

மூச்சு முட்டியவர், மயங்கியவர் கட்டாயம் ஒவ்வாமை டொக்டரைப் பார்க்க வேண்டும். ரத்தத்தில் ஒன்றும் தெரியாவிட்டால் தோல் பரிசோதனை இருக்கிறது. அதற்கு ஒவ்வாமைக் குளிசையைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும், ரத்தப் பரிசோதனைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கூடவே ரத்தத்தில் டிரிப்டேஸ் (ஒவ்வாமையில் பங்கெடுக்கும் செல்கள் வெளியிடும் ஒரு புரதம்) அளவும் பார்க்கச் சொல்வார்கள். எந்த விஷம் என்று உறுதியானால்தான் அதையே சிறிது சிறிதாக ஊசியில் ஏற்றி உடம்பைப் பழக்கும் சிகிச்சையைத் தொடங்கலாம். அது 3 முதல் 5 வருடம் பிடிக்கும்.