ஆயில் ஃபில்டரில் முன்கூட்டியே ஆயில் ஊற்றி மாட்டலாமா?

கேள்வி: எங்களிடம் மூன்று சிலிண்டர் கொண்ட 50 குதிரைத்திறன் டர்போ டிராக்டர் இருக்கிறது. ஸ்டாப் கம்பியை இழுத்துத்தான் என்ஜினை நிறுத்துவோம். ஆயில் ஃபில்டர் என்ஜினின் பக்கவாட்டில் படுத்தவாக்கில் இருக்கிறது. ஆயில் மாற்றியதும் முதல் ஸ்டார்ட்டில் ஆயில் லைட் நான்கைந்து விநாடி எரிந்த பிறகே அணைகிறது. புது ஃபில்டரில் ஆயில் ஊற்றி மாட்டினால் இது வராது என்கிறார் ஒரு மெக்கானிக். அப்படிச் செய்தால் தூசி உள்ளே போகும் என்கிறார் இன்னொருவர். எதைக் கேட்பது? டீசல் ஃபில்டரையும் இப்படி நிரப்பி மாட்டலாமா?

பதில்: ஆயில் ஃபில்டரை நிரப்பி மாட்டலாம். ஆனால் அதன் நடுத்துளையில் ஒரு சொட்டு ஆயில்கூட நேராக விழக் கூடாது. அதை உறுதி செய்ய முடியாது என்றால் காலியாகவே மாட்டுங்கள். உங்கள் வண்டியில் ஸ்டாப் கம்பி இருப்பதால், என்ஜின் பற்றிக்கொள்ளும் முன்பே ஃபில்டரை நிரப்ப இன்னும் சுத்தமான வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

புது ஃபில்டரைத் திருப்பி அதன் வாய்ப்பக்கத்தைப் பாருங்கள். நடுவில் மரை வெட்டிய பெரிய துளை இருக்கும். அதைச் சுற்றி வட்டமாகச் சிறு துளைகள் இருக்கும். அவற்றுக்குள் எட்டிப் பார்த்தால் ஒரு ரப்பர் மடல் தெரியும். பம்ப் தள்ளும் ஆயில் இந்தச் சிறு துளைகள் வழியாக நுழைந்து, மடலை விலக்கி, காகித மடிப்புகளை வெளியிலிருந்து உள்நோக்கிக் கடந்து, நடுத்துளை வழியே வெளியேறுகிறது. அங்கிருந்து நேராக மெயின் கேலரி என்னும் முதன்மை ஆயில் வழி, பிறகு என்ஜினின் சுழல்தண்டான கிராங்கைத் தாங்கும் பேரிங்குகள், டர்போ. அதாவது நடுத்துளை வடிகட்டி முடித்த பக்கம். அதில் நீங்கள் ஊற்றும் ஆயில் எந்தக் காகிதத்தையும் தொடாமல் பேரிங்குக்குப் போய்விடும்.

புது ஆயில்தானே, அதில் என்ன அழுக்கு என்று கேட்கலாம். சிக்கல் ஆயிலைவிட அது வந்து சேரும் வழியில் இருக்கிறது. கொட்டகையில் ஆணியில் தொங்கும் புனல், மூடி திறந்து வைத்த கேன், நெல் அடித்த தூசி படிந்த கை, இவை எல்லாம் சேர்ந்துதான் மண்துகளைக் கொண்டுவருகின்றன. பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே வேலை செய்யும் ஆயில் படலம் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனம்தான். கண்ணுக்கே தெரியாத மணல்துகள் அந்த இடைவெளியில் சிக்கினால், பேரிங்கின் மெல்லிய உலோகத்தில் பதிந்துகொண்டு கிராங்கைக் கீறிக்கொண்டே இருக்கும். பிறகு எத்தனை முறை நல்ல ஆயில் மாற்றினாலும் பதிந்த துகள் வெளியே வராது. கேட்டர்பில்லர் நிறுவனத்தின் என்ஜின் கையேடுகள், ஃபில்டரை முன்கூட்டி நிரப்ப வேண்டாம், அந்த ஆயில் வடிகட்டப்படாதது என்றே சொல்கின்றன. நிரப்பி மாட்டச் சொல்லும் கையேடுகளும் உண்டு. உங்கள் டிராக்டரின் கையேட்டில் இது பற்றி ஒரு வரி இருந்தால், நான் சொல்வதைவிட அதற்கே முதலிடம் கொடுங்கள்.

இனி அந்த நான்கைந்து விநாடி. காலி ஃபில்டரை மாட்டி ஸ்டார்ட் செய்தால், பம்ப் முதலில் ஃபில்டரையும் அதற்கு அப்பால் காலியான வழிகளையும் நிரப்ப வேண்டும். அதன் பிறகே அழுத்தம் ஏறும், லைட் அணையும். அதுவரை பேரிங்குகள் வறண்டு ஓடுவதில்லை. முன்பு ஓடியபோது ஒட்டிய படலம் அவற்றில் இருக்கும். பாரம் இல்லாமல், ஆக்சிலரேட்டர் தொடாமல், மெதுவான ஓட்டத்தில் அந்த விநாடிகள் கழிந்தால் பெரிய சேதம் இல்லை. ஆனால் உங்கள் வண்டி டர்போ. டர்போவின் தண்டு பாரத்தில் நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. அதற்கு ஆயில் போவது மெல்லிய குழாய் வழியாக. ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலரேட்டரை முறுக்கும் பழக்கம் இருந்தால், கெடுதல் ஃபில்டர் காலியாக இருந்ததால் வருவதைவிட அந்த முறுக்கலால்தான் அதிகம் வரும்.

நான் உங்களுக்குச் சொல்வது செல்ஃப் அடித்து நிரப்பும் முறையை. புது ஃபில்டர் மாட்டி, என்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்பில் ஆயில் முழு அளவு ஊற்றியானதும், கியரை நியூட்ரலில் வைத்து ஸ்டாப் கம்பியை முழுக்க இழுத்துப் பிடியுங்கள். டீசல் போகாது, என்ஜின் பற்றாது. 10 விநாடி செல்ஃப் அடித்து நிறுத்துங்கள். ஒரு நிமிடம் விட்டு மறுபடி 10 விநாடி. செல்ஃப் வேகத்தில் பம்ப் மெதுவாகத்தான் சுற்றும் என்பதால் இரண்டு மூன்று தடவை தேவைப்படலாம். இடைவெளி விடாமல் அடித்தால் செல்ஃப் மோட்டார் சூடேறி காயில் போய்விடும். ஆயில் லைட் அணைந்தாலோ, ஆயில் அழுத்த மீட்டரின் முள் அசைந்தாலோ, ஃபில்டர் நிரம்பி அழுத்தம் வந்துவிட்டது என்று அர்த்தம். இந்த முறையில் பேரிங்குக்குப் போகும் ஆயில் முழுவதும் காகிதத்தைக் கடந்தே போகிறது. சாவியில் நிறுத்தும், டீசலை மின்னணு முறையில் கட்டுப்படுத்தும் காமன் ரெயில் வண்டிகளுக்கு இது பொருந்தாது. அவற்றில் என்ஜின் பற்றாமலிருக்க எந்த சென்சார் கம்பியைக் கழற்றலாம் என்று ஊகித்துக் கழற்ற வேண்டாம்.

நிரப்பித்தான் மாட்டுவேன் என்றால், குறிப்பாக என்ஜின் வேலை முடித்த பிறகோ, பல மாதம் நின்ற வண்டியிலோ அதற்கு நியாயம் உண்டு. அப்போது நடுத்துளையைச் சுத்தமான பிளாஸ்டிக் மூடியாலோ, நூல் உதிராத அடைப்பாலோ இறுக மூடுங்கள். சீல் உடைக்காத கேனிலிருந்து, சுற்றியுள்ள சிறு துளைகளில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ரப்பர் மடல் தடுப்பதால் ஆயில் தேங்கித் தேங்கித்தான் இறங்கும். காகிதம் குடிக்கக் குடிக்க மட்டம் குறையும். அவசரப்படாமல் ஐந்து நிமிடம் விட்டு மீண்டும் ஊற்றுங்கள். உங்கள் ஃபில்டர் படுத்தவாக்கில் இருப்பதால் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். சாய்க்கும்போது வழிந்து கீழே உள்ள ஒயர்களில் இறங்கும். அடைப்பை எடுக்க மறந்து மாட்டிவிட்டால் ஆயில் வழியே அடைபட்டு என்ஜின் போய்விடும். அதனால் நன்றாகக் கண்ணில் படும் நிறத்தில், பெரிதாக நீட்டிக்கொண்டு நிற்கும் அடைப்பையே பயன்படுத்துங்கள்.

ஃபில்டரை நிரப்புவதா வேண்டாமா என்பதைவிட, மாட்டும் விதத்தில் நடக்கும் தவறுகள்தான் என்ஜின்களை அதிகம் கெடுக்கின்றன. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஆயிலை இறக்குங்கள். பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் ஃபில்டரோடு வந்திருக்கிறதா என்று கையில் பிடித்துப் பாருங்கள். பல நேரம் அது என்ஜின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டுவிடும். அதன் மேலேயே புதியதை மாட்டினால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். மெதுவான ஓட்டத்தில் ஒன்றும் தெரியாது. உழவுக்குப் போய் அழுத்தம் ஏறியதும் வளையம் பிதுங்கி, சில நிமிடத்தில் மொத்த ஆயிலும் தரையில் கிடக்கும். அமரும் இடத்தை நூல் விடாத துணியால் துடைத்து, புது வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையால் திருகுங்கள். வளையம் தொட்ட பிறகு இன்னும் அரை முதல் முக்கால் சுற்று போதும். எத்தனை சுற்று என்று ஃபில்டரின் உடம்பிலேயே அச்சிட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் வளையம் முறுக்கிக்கொள்ளும்.

பழைய ஆயிலை இறக்கிவிட்டு நாளைக்கு ஊற்றலாம் என்று இரவெல்லாம் விடாதீர்கள். பம்பில் நிற்கும் ஆயிலும் வடிந்து, மறுநாள் பம்ப் ஆயிலை இழுக்கத் தாமதமாகும். மாற்று ஃபில்டரில் மரை பொருந்துகிறதே என்று எதையும் மாட்டாதீர்கள். படுத்தவாக்கில் உள்ள ஃபில்டரில் அந்த ரப்பர் மடல் நன்றாக இல்லாவிட்டால், என்ஜின் நின்றதும் ஆயில் சம்புக்குத் திரும்பிவிடும். ஆயில் மாற்றிய அன்று மட்டுமல்ல, தினமும் காலையில் லைட் நான்கைந்து விநாடி எரிகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

ஸ்டார்ட் செய்ததும் மூன்று நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, ஃபில்டர் அடியையும் ஆயில் இறக்கும் ட்ரெயின் போல்ட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பாருங்கள். ஃபில்டர் குடித்த அளவுக்கு, அரை லிட்டரோ அதற்குச் சற்று மேலோ, மட்டம் இறங்கியிருக்கும். மேல் கோட்டைத் தாண்டாமல் ஊற்றிச் சரிசெய்யுங்கள். ஸ்டார்ட் ஆகி 10 விநாடி தாண்டியும் லைட் எரிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். ‘ஓடினால் சரியாகிவிடும்’ என்று விடுவதில்தான் பேரிங் போகிறது.

டீசல் ஃபில்டரை நிரப்பி மாட்ட வேண்டாம். இன்ஜெக்டருக்குள் பாகங்களுக்கு இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். வடிகட்டாத டீசல் அதைத் தேய்த்துவிடும். இரண்டு ஃபில்டர் இருந்தால், முக்கியமாக, இன்ஜெக்டருக்கு டீசல் தள்ளும் பம்பை ஒட்டியுள்ள இரண்டாவதில் கேனிலிருந்து ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள். காலியாக மாட்டி, ஏர் எடுக்கும் திருகைத் தளர்த்தி, குமிழ் இல்லாமல் டீசல் வரும்வரை கை பம்ப் அடித்து, பம்ப் அடித்துக்கொண்டிருக்கும்போதே திருகை இறுக்குங்கள்.